ஸ்விட்ச்சுக்கு மாற்றுக் கொன்ட்ரோலர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தெரிந்தவர்களில் யாருடைய நின்டென்டோ ஸ்விட்ச் கேம் கன்சோல் பழுதானாலும் போன் எனக்குத்தான் வருகிறது. பம்பலப்பிட்டியில் கடை வாசலில் நின்றுகொண்டு "இதுவா அதுவா, கெதியாச் சொல்லு" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான், ஆகவே அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே என் பதிலைப் போட்டிருக்கிறேன். ரூபாக் கணக்கில் விலை எதுவும் எழுதவில்லை. டொலர் போகிற போக்கில் இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

ஜாய்-கொன் எண்டா ஸ்விட்ச்சிட ரெண்டு பக்கமும் கழருமே, அதுதானே?

அதேதான். 2017 மார்ச்சில் நின்டென்டோ வெளியிட்ட ஸ்விட்ச்சின் இரு பக்கமும் ஒரு உலோக ரெயில் இருக்கிறது. இடது, வலது கொன்ட்ரோலர்கள் மேலிருந்து வழுக்கி வந்து 'கிளிக்' என்று அதில் உட்காரும். 2021 ஒக்டோபரில் வந்த ஓலெட் மாடலுக்கும் அதே ரெயில்தான், ஒன்றுக்கு வாங்கியது மற்றதுக்கும் பொருந்தும்.

2019 செப்டெம்பரில் வந்த ஸ்விட்ச் லைட்டில் கொன்ட்ரோலர் உடம்போடு சேர்ந்தே இருக்கிறது, கழராது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 முற்றிலும் வேறு. அந்த இரண்டுக்கும் கீழே தனித்தனிக் கேள்வி இருக்கிறது, மற்றதெல்லாம் பழைய ஸ்விட்ச்சுக்கும் ஓலெட்டுக்கும்தான்.

அரை மணித்தியாலம் கையில பிடிச்சு விளையாடினா விரல் விறைச்சுப் போகுது. எனக்கு மட்டுந்தானா?

இல்லை, நிறையப் பேருக்கு. ஜாய்-கொன் தட்டையான, மெல்லிய சாமான்; உள்ளங்கையில் வந்து உட்காருவதற்கு அதில் ஒரு புடைப்பும் கிடையாது. கன்சோலும் ஜாய்-கொன்களும் சேர்ந்தால் பழைய ஸ்விட்ச் ஏறத்தாழ 400 கிராம், ஓலெட் 420 கிராம். உள்ளங்கை தாங்க வேண்டிய இந்தப் பாரத்தைச் சுண்டுவிரலின் ஓரமும் நடுவிரலும் தாங்குகின்றன. கீழே விழுந்துவிடுமோ என்று நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம், விறைப்பது அதனால்தான்.

இன்னொன்று வலது ஸ்டிக், பெருவிரலால் சாய்க்கும் அந்தச் சின்னக் குச்சி. அது ஏ, பி, எக்ஸ், ஒய் பட்டன்களுக்கு நேர் கீழே இருக்கிறது. அதைத் தொட பெருவிரல் உள்ளே மடங்க வேண்டும். கை பெரியவர்களுக்குப் பெருவிரலின் அடிமூட்டு வரை மடங்கும். கெமராவைத் திருப்பிக்கொண்டே ஓடும் கேம் என்றால் முழுநேரமும் அந்த மடக்கிலேயே இருப்பீர்கள். தாயக்கட்டம் மாதிரி நிதானமான கேம் விளையாடும் அக்காமார் இதை உணருவதே இல்லை, சண்டைக் கேம் விளையாடும் தம்பிமார் ஒரு கிழமையிலேயே முறைப்பாட்டோடு வருகிறார்கள்.

அப்ப கொன்ட்ரோலரை மாத்தினா வலி போயிடுமா?

எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள். உள்ளங்கையும் சுண்டுவிரலும் என்றால் பிடிமானம்தான் பிரச்சினை. அதற்கு ஒரு கிரிப் போதும், கொன்ட்ரோலரே தேவையில்லை. பெருவிரலின் அடி என்றால் ஸ்டிக் இருக்கும் இடம்தான் பிரச்சினை. அதற்குக் கிரிப் ஓரளவுதான் உதவும், பெரிய கொன்ட்ரோலர்தான் வழி. மணிக்கட்டு, தோள், கழுத்து என்றால் கன்சோலை மடியில் வைத்துக் குனிந்து விளையாடுகிறீர்கள், கையடியில் ஒரு தலையணையை வைத்துப் பாருங்கள், காசு மிச்சம்.

விளையாடாத நேரத்திலும் விரல் விறைக்கிறது, பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் குத்துகிறது என்றால் கடைக்குப் போகாமல் டொக்டரிடம் போங்கள். பெருவிரல் தசைநார் வீங்குவது கைப்பிள்ளை தூக்கும் அம்மாமாருக்கு வரும் அதே வருத்தம்தான், கேம் விளையாடுபவர்களுக்கும் வரும், கொன்ட்ரோலர் மாற்றி அதைச் சுகப்படுத்த ஏலாது.

கிரிப் எண்டு சொல்றது எது? கவரா?

பாதி கவர், பாதி கைப்பிடி. கன்சோலின் பின்பக்கத்தில் மாட்டும், இரண்டு பக்கமும் உள்ளங்கைக்கான புடைப்பு இருக்கும். இருக்கும் ஜாய்-கொன்னையே பாவிப்பதால் அதன் வசதி ஒன்றும் குறையாது. இருப்பதிலேயே மலிவான வழியும் இதுதான், ஆகவே எவர் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். ரிவியில் விளையாடுபவராக இருந்தால் கன்சோலை ரிவியோடு இணைக்கும் டொக்கில் கிரிப்போடு இறங்குமா என்று கேட்டு வாங்குங்கள், பல கிரிப்கள் இறங்காது, ஒவ்வொரு தரமும் கழற்றி மாட்ட வேண்டும்.

டிரிஃப்ட் டிரிஃப்ட் எண்டு எல்லாரும் சொல்றாங்க, என்னது அது?

நீங்கள் தொடாமலே ஆள் நடப்பான், கெமரா தானாகச் சுழலும், மெனுவில் தெரிவு தானாக மேலே ஓடும். ஸ்டிக்கின் அடியில் ஒரு மெல்லிய கரிப்பூச்சுப் பட்டை இருக்கிறது, அதன் மேல் நுண்ணிய உலோக நாக்கு ஒன்று உரசிக்கொண்டே போகிறது. நாக்கு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும், அதை வைத்துத்தான் ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கன்சோல் கணிக்கிறது. பட்டை தேய்ந்தாலோ, தேய்ந்த தூள் நடுவில் சேர்ந்தாலோ ஸ்டிக் நேரே நிற்கும்போதும் சாய்ந்திருப்பதாகக் கணக்கு வரும். பழுதான ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் நாக்கு ஓடிய தடம் பட்டையில் பளபளவென்று கோடாகத் தெரியும்.

இது உங்கள் பிள்ளை முரட்டுத்தனமாகப் பாவித்ததால் வந்தது என்று திட்டாதீர்கள். 2020 ஜூனில் நின்டென்டோவின் தலைவர் ஃபுருகாவாவே பங்குதாரர் கூட்டத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலவசமாகத் திருத்திக் கொடுத்தார்கள். கொழும்பில் வாங்கிய நமக்குக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த வாரண்டிதான், ஆகவே பில்லைத் தொலைக்காதீர்கள்.

புதுசு வாங்க முதல் வீட்டில ஏதும் செய்து பார்க்கலாமா?

பார்க்கலாம். செட்டிங்ஸில் கொன்ட்ரோலர் பகுதிக்குள் போனால் ஸ்டிக்கை அளவு திருத்தும் இடம் இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். சரிவராவிட்டால் ஸ்டிக்கின் அடியில் உள்ள கறுப்பு ரப்பர் மடலை மெதுவாகத் தூக்கி, ஐசோபுரொப்பைல் அல்ககோல் அல்லது எலெக்ட்ரிக் கொன்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு விட்டு, ஸ்டிக்கைச் சுழற்றி, நன்றாகக் காயவிட்டு மறுபடி அளவு திருத்துங்கள். வெறும் தூசியென்றால் பிழைக்கும். பட்டையே தேய்ந்திருந்தால் சில நாளில் திரும்ப வரும்.

கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அடிக்க வேண்டாம், அது உள்ளே தங்கித் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஹோல் எஃபெக்ட் எண்டு பெட்டியில போட்டிருக்கு. அதுக்குக் கூடக் காசு குடுக்கலாமா?

குடுக்கலாம், நான் குடுப்பேன். ஸ்டிக்கின் அடியில் ஒரு காந்தம், அதன் காந்தப்புலத்தை அளக்க ஒரு உணரி, அவ்வளவுதான். எட்வின் ஹோல் 1879இல் கண்டுபிடித்த விடயம், அதனால் அந்தப் பெயர். ஒன்றோடொன்று உரசாததால் மேலே சொன்ன தேய்மானத்துக்கு இடமே இல்லை. அண்மைக்காலத்தில் டிஎம்ஆர் என்று ஒன்றும் வருகிறது. அதுவும் காந்தம்தான், உணரி மட்டும் வேறு வகை, மின்சாரம் குறைவாக எடுக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் சரி, அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம்.

ஆனால் ஹோல் எஃபெக்ட் என்று போட்டிருந்தால் எல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் மென்பொருள் சொதப்பலாக இருந்தால் ஸ்டிக்கை மெதுவாகச் சாய்க்கும்போது ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று ஓடும். பட்டன்கள் பழைய மாதிரியே தேயும், பற்றரியும் பழைய மாதிரியே வயசாகும்.

ஹோரி வாங்கவா, நிக்ஸி மாதிரி ஒண்டு வாங்கவா? இதுதான் என்ட பெரிய குழப்பம்.

இதுதான் எல்லாருடைய குழப்பமும். ஜாய்-கொன்னுக்குப் பதிலாக ரெயிலில் மாட்டும் ஹோரி ஸ்பிளிட் பேட் ப்ரோ 2019இல் வந்தது, நின்டென்டோவின் உரிமத்தோடு. பெரிய கைப்பிடி, பெரிய ஸ்டிக், பின்னால் விருப்பப்படி அமைக்கும் பட்டன், பட்டனைப் பிடித்தாலே தொடர்ந்து அடிக்கும் டர்போவும் உண்டு. கையில் எடுத்தவுடனே "ஆ, இதுதான்" என்று சொல்லவைக்கும் சாமான். ஆனால் அதற்குள் பற்றரி இல்லை, ப்ளூடூத் இல்லை, அதிர்வு இல்லை, கொன்ட்ரோலரைச் சாய்ப்பதை உணரும் கைரோ இல்லை, அமீபோ பொம்மையை வாசிக்கும் வசதியும் இல்லை. கன்சோலில் மாட்டியிருக்கும்போது மட்டும் வேலை செய்யும், கழற்றினால் வெறும் பிளாஸ்டிக். அதிலொரு நன்மையும் உண்டு: பற்றரியும் மோட்டரும் இல்லாததால் பார்க்கும் அளவுக்குப் பாரமில்லை, சார்ஜ் போடும் தலைவலியும் இல்லை.

நிக்ஸி, மோபாபேட், பின்பொக் போன்ற சீனத் தயாரிப்புகள் மறுபக்கம். அவற்றில் பல மாடல்களுக்குப் பற்றரி, ப்ளூடூத், கைரோ, அதிர்வு எல்லாம் இருக்கிறது, ஹோல் எஃபெக்ட் ஸ்டிக்கும் வருகிறது, கழற்றியும் விளையாடலாம். பாரம் கூட. ஒரே கொம்பனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவிலேயே வசதி மாறும், ஆகவே பெயரைக் கேட்டு வாங்காமல் மாடலின் பெட்டியை வாசித்து வாங்குங்கள்.

என் கணக்கு இது: ரிவிப் பக்கமே போகாதவர், பஸ்ஸிலும் கட்டிலிலும் மட்டும் விளையாடுபவர், கைரோ தேவையில்லாத கேம்கள் என்றால் ஹோரி. இதில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மற்றது. ஹோரி பெரிதாகத் தெரிந்தால் அதே கொம்பனியின் ஸ்பிளிட் பேட் கொம்பாக்ட் என்ற சின்னது இருக்கிறது.

கைரோ இல்லாட்டி என்ன குறையப்போகுது?

கேமைப் பொறுத்தது. மரியோ கார்ட் ஸ்டிக்கிலேயே ஓட்டலாம், பிரச்சினையில்லை. ஸ்பிளட்டூன் விளையாடுபவர்களில் அநேகமானோர் கொன்ட்ரோலரைச் சாய்த்துத்தான் குறிபார்க்கிறார்கள், அவர்கள் ஹோரி வாங்கினால் மூன்றாம் நாளே விற்கப் பார்ப்பார்கள். செல்டா பிரெத் ஒஃப் த வைல்ட் கேமில் சில புதிர் மண்டபங்களில் கொன்ட்ரோலரைச் சாய்த்து உருண்டையை உருட்ட வேண்டும். அங்கே மட்டும் பழைய ஜாய்-கொன்னை மாட்டி முடித்துவிட்டுத் திரும்ப மாற்றலாம். இதற்காகத்தான் புதிது வாங்கினாலும் பழையதை எறிய வேண்டாம் என்று சொல்கிறேன்.

ரிங் ஃபிட் செய்யிறன். அந்த வளையத்தில புதுக் கொன்ட்ரோலரை மாட்டலாம்தானே?

ஏலாது. ரிங் ஃபிட் வளையத்தைப் பிடித்து உடற்பயிற்சி செய்யும் கேம். வளையத்துக்குள் வலது ஜாய்-கொன் வழுக்கி உட்கார வேண்டும், பெருத்த கைப்பிடி அதற்குள் போகாது. நாடித்துடிப்பு பார்ப்பதும் வலது ஜாய்-கொன்னின் அடியில் உள்ள அகச்சிவப்புக் கெமராதான், மாற்றுக் கொன்ட்ரோலர்களில் அது இருப்பதில்லை. ரிங் ஃபிட்டுக்கு ஒரிஜினல் ஜாய்-கொன் ஒரு சோடி கட்டாயம்.

எனக்கு ரிவியிலதான் கூட விளையாட்டு. என்ன வாங்க?

அப்படியென்றால் ரெயிலில் மாட்டும் சாமான்களை மறந்துவிடுங்கள். நின்டென்டோவின் ப்ரோ கொன்ட்ரோலர் எடுத்தால் இருபது வருடம் கேம் விளையாடியவரும் குறை சொல்லமாட்டார். 1300 மில்லி அம்பியர் மணி பற்றரி, ஒரு சார்ஜில் ஏறத்தாழ 40 மணித்தியாலம், கைரோ, அதிர்வு, அமீபோ எல்லாம் உண்டு. வெளிவந்த காலத்தில் அமெரிக்காவில் ஜாய்-கொன் சோடி 80 டொலர், ப்ரோ 70 டொலர், அதாவது வசதியானதுதான் விலை குறைவு, இது எனக்கு இன்றைக்கும் வேடிக்கை. ஒரேயொரு குறை, ஸ்டிக் பழைய உரசும் வகை. அது உறுத்தினால் எய்ட்பிட்டூவின் அல்டிமேட் ப்ளூடூத் மாடலைப் பாருங்கள், ஹோல் எஃபெக்ட்.

ப்ளூடூத் இயர்போனையும் கன்சோலோடு இணைத்துப் பாவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: இயர்போன் இணைந்திருக்கும்போது வயர்லெஸ் கொன்ட்ரோலர் இரண்டுக்கு மேல் இணைக்க முடியாது. நாலு பேர் கூடி விளையாடும் ஞாயிற்றுக்கிழமையில் "என்டது மட்டும் வேலை செய்யுதில்லை" என்று சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கன்சோலை அப்படியே உள்ளுக்க வைக்கிற மாதிரி ஒண்டு இருக்காமே?

நைட்ரோ டெக் பற்றிக் கேட்கிறீர்கள். 2023இல் வந்தது, ஜாய்-கொன்களைக் கழற்றிவிட்டுக் கன்சோலை ஒரு தட்டுக்குள் செருகுவது. ஹோல் எஃபெக்ட் ஸ்டிக், பின்னால் நாலு பட்டன். ரெயிலில் தொங்காமல் முழுக் கன்சோலையும் தட்டு தாங்குவதால் ஆட்டம் அசைவே இல்லை, பெரிய கை உள்ளவர்களுக்கு இது அருமை. ஸ்விட்ச்சும் ஓலெட்டும் பொருந்தும், லைட் பொருந்தாது. வயர்லெஸ் இல்லை, ரிவிக்குப் போக ஒவ்வொரு தரமும் கன்சோலை வெளியே எடுக்க வேண்டும், 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு விளையாடும் சாமான் அல்ல.

கடையில நிண்டு எப்படிப் பார்த்து வாங்குறது?

உங்கள் கன்சோலைச் சார்ஜோடு கொண்டு போங்கள், பாதி வேலை முடிந்தது. யூனிட்டி பிளாஸாவோ லிபர்ட்டி பிளாஸாவோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவோ, எங்கே போனாலும் மாட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டமாட்டேன் என்றால் அடுத்த கடை.

மாட்டியதும் முதலில் ரெயில். கீழே வரை போய்க் 'கிளிக்' கேட்க வேண்டும். பிறகு கொன்ட்ரோலரைப் பிடித்து கன்சோலை மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள், சின்ன அசைவு எல்லாவற்றிலும் இருக்கும், கறகறவென்று ஆடினால் வேண்டாம். அடுத்து செட்டிங்ஸில் ஸ்டிக் அளவு திருத்தும் திரை. அதில் வட்டத்துக்குள் ஒரு குறி தெரியும். ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளிச் சட்டென்று விடுங்கள், குறி நடுவுக்கு வர வேண்டும், நாலு பக்கமும் இதைச் செய்யுங்கள். பிறகு மிக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், குறி விரலோடு சேர்ந்து நகர வேண்டும், தாண்டித் தாண்டிப் போகக்கூடாது. ஓரத்தில் ஒரு சுற்றுச் சுழற்றினால் வட்டத்தை எல்லா இடத்திலும் தொட வேண்டும்.

கடைசியாக ஒன்றும் செய்யாமல் சும்மா பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் கடைக்காரரோடு கதையுங்கள். முதல் நிமிடத்தில் எல்லாமே வசதியாகத்தான் இருக்கும். கதைத்து முடிவதற்குள் விரல் இடம் தேடத் தொடங்கினால் அது உங்கள் கைக்கு உரியது அல்ல.

ஒரிஜினல் எண்டு சொல்லித் தாறாங்க, கொப்பியா எண்டு எப்படித் தெரியும்?

விலை அரைவாசி என்றால் கொப்பி, இதில் ஆராய்ச்சி தேவையில்லை. விலையும் ஒரிஜினல் விலைதான், ஆனால் சந்தேகம் என்றால்: ஒரிஜினல் ஜாய்-கொன்னை இணைத்ததும் திரையில் தெரியும் சின்னப் படம் அதே நிறத்தில் இருக்கும், நீலத்துக்கு நீலம், சிவப்புக்குச் சிவப்பு. அமீபோ ஒன்று கிடைத்தால் வலது ஸ்டிக்கில் வைத்துப் பாருங்கள், கொப்பிகள் அநேகமாக வாசிக்காது. அதிர்வும் காட்டிக்கொடுக்கும், ஒரிஜினலில் அது நுணுக்கமாகத் துடிக்கும், கொப்பியில் மலிவு போன் மாதிரி 'ர்ர்ர்' என்று உறுமும்.

ப்ரோ கொன்ட்ரோலருக்கு ஒரு ரகசியம் உண்டு. வலது ஸ்டிக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வெளிச்சத்தில் உள்ளே உற்றுப் பார்த்தால், எல்லா கேம் ரசிகர்களுக்கும் நன்றி என்று ஆங்கிலத்தில் மிகச் சிறிய எழுத்தில் பொறித்திருப்பார்கள். கொப்பி அடிப்பவர்களும் இதை வாசிப்பார்கள்தானே, ஆகவே இதை மட்டும் நம்பாமல் மற்றதையும் பாருங்கள்.

ஐக்மன் விளம்பரத் தளத்தில பாவிச்சது மலிவா இருக்கு. எடுக்கவா?

ஒரிஜினல் ஜாய்-கொன் பாவித்தது வேண்டாம். யாரும் நல்லாயிருக்கும் ஸ்டிக்கை விற்பது குறைவு, டிரிஃப்ட் தொடங்கியதும் கிளீனர் அடித்து, அது வேலை செய்யும் அந்தச் சில நாட்களுக்குள் விற்பவர்கள்தான் கூட. ஹோரி பாவித்தது எடுக்கலாம், பற்றரி இல்லாததால் வயதாகும் பகுதி ஒன்று குறைவு, நேரில் போய்க் கடையில் செய்யச் சொன்ன அதே சோதனைகளைச் செய்து எடுங்கள்.

லண்டன்ல இருந்து சித்தப்பா வாறார். அங்கயிருந்து எடுப்பிச்சா நல்லமா?

நல்லம்தான், மாடல் தெரிவு அங்கே கூட. பிளேனில் கொண்டுவருவதிலும் சிக்கல் இல்லை, ஜாய்-கொன்னின் பற்றரி 525 மில்லி அம்பியர் மணிதான், போன் பற்றரியில் ஒரு சின்னப் பங்கு. ஆனாலும் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். நாட்டுக்கு நாடு கொன்ட்ரோலர் மாறாது, ஜப்பானில் வாங்கியதும் இங்கே வேலை செய்யும்.

பிரச்சினை வாரண்டி. பழுதானால் சித்தப்பா திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பெட்டியை உடைத்து அங்கேயே ஒரு தரம் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் ஸ்விட்ச் இல்லையென்றால் யாராவது ஒரு மச்சானிடம் இருக்கும்.

மகளுக்கு எட்டு வயசு. பெரிசா ஒண்டு எடுத்தா வளர வளரப் பாவிப்பாள்தானே?

சப்பாத்து வாங்குகிற மாதிரி வாங்க வேண்டாம். சின்னக் கைக்குப் பெரிய ஸ்பிளிட் பேட் கொடுத்தால் மேலே உள்ள பட்டனை எட்ட உள்ளங்கையைத் தூக்குவாள், கன்சோல் நழுவும், திரை போகும். இரண்டாவது பதிலில் குறையாகச் சொன்ன அந்தத் தட்டையான ஜாய்-கொன் பிள்ளைகளின் கைக்குத்தான் சரியான அளவு. டிரிஃப்ட் வந்திருந்தால் ஸ்டிக்கை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

ஸ்டிக்கை மட்டும் மாத்தலாமா? நானே செய்ய ஏலுமா?

கை நடுங்காதவர் என்றால் ஏலும். குலிகிட் போன்றவர்கள் ஜாய்-கொன்னுக்கென்றே ஹோல் எஃபெக்ட் ஸ்டிக் விற்கிறார்கள், புதுக் கொன்ட்ரோலரோடு பார்த்தால் செலவு கொஞ்சம். பின்பக்கத்தில் நாலு ஸ்குரூ, மூன்று கை உள்ள நட்சத்திர வடிவம், சாதாரண ஸ்குரூ டிரைவர் போட்டால் தலை வழுக்கிவிடும், அதற்குரிய டிரைவர் ஸ்டிக்கோடு சேர்த்தே சில பெட்டிகளில் வரும். மூடியைத் திறக்கும்போது புத்தகம் திறக்கிற மாதிரித் திறக்க வேண்டும், சட்டென்று இழுத்தால் இரண்டு பாதியையும் இணைக்கும் பட்டை வயர் கிழியும். பற்றரி இணைப்பை முதலில் கழற்றுங்கள்.

பட்டை வயர்கள் செருகும் இடத்தில் நகம் அளவுகூட இல்லாத ஒரு பூட்டு இருக்கிறது. அதை மேலே தூக்கிவிட்டு வயரை இழுக்க வேண்டும், பூட்டோடு இழுத்தால் பலகையோடு பிய்ந்து வரும், அதற்குப் பிறகு புதுசுதான். முடித்ததும் அளவு திருத்தாமல் விளையாடாதீர்கள், புது ஸ்டிக்கின் நடு பழையதின் நடுவாக இருக்காது. பயமாக இருந்தால் போன் திருத்தும் கடையில் கொடுங்கள், ஐபோன் திறக்கிற கைக்கு இது பெரிய வேலையில்லை.

ஸ்டிக் நல்லம், ஆனா ஜாய்-கொன் தானா வழுகி மேல வருது. அதுக்கும் புதுசா?

வேண்டாம். ரெயிலின் பக்கத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொளுக்கி இருக்கிறது, 'கிளிக்' சத்தம் அதனுடையது. அது தேய்ந்துவிட்டது. உலோகத்தில் செய்த கொளுக்கி சோடியாக மலிவுக்குக் கிடைக்கிறது, மேலே சொன்ன மாதிரியே மூடியைத் திறந்து மாற்றலாம்.

மாற்றுக் கொன்ட்ரோலர் அப்டேட் வந்தா வேலை செய்யாமப் போகுமா?

உரிமம் இல்லாதவற்றுக்கு அந்த ஆபத்து உண்டு. கன்சோலின் மென்பொருள் மாறும்போது சில கொன்ட்ரோலர்களுக்கும் அப்டேட் தேவைப்படும். ஆகவே வாங்கமுன் கேட்க வேண்டிய கேள்வி, "இதுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் போட வழி இருக்கா, போனிலா கொம்பியூட்டரிலா" என்பது. வழியே இல்லாத பெயர் தெரியாத சாமானை எடுக்க வேண்டாம். இன்னொரு சின்ன எரிச்சல், ஹோம் பட்டனை அமர்த்திக் கன்சோலைத் தூக்கத்திலிருந்து எழுப்ப இவற்றில் சிலதால் முடியாது, எழுந்துபோய்க் கையால் அமர்த்த வேண்டும்.

வலது கையில கட்டுப் போட்டிருக்கு. பட்டனை எல்லாம் இடது பக்கம் மாத்தலாமா?

ஓரளவுக்கு. 2020 ஏப்ரலில் வந்த அப்டேட்டில் பட்டன்களை இடம் மாற்றும் வசதியைக் கன்சோலுக்குள்ளேயே கொடுத்துவிட்டார்கள், ஒரிஜினல் கொன்ட்ரோலர்களுக்கு அது போதும். பின்பட்டன் உள்ள மாற்றுக் கொன்ட்ரோலரில் இன்னும் வசதி, ஏ பட்டனின் வேலையை இடது பின்பட்டனுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும் கேம்களைக் கட்டு அவிழ்க்கும்வரை ஒதுக்கி வையுங்கள்.

கொஞ்ச நாள் வச்சிருந்து எடுத்தா கைப்பிடி பிசுபிசு எண்டு ஒட்டுது. ஏன்?

ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் அந்தப் பூச்சு ஈரப்பதத்தில் சிதைகிறது. நமது ஊர்ப் புழுக்கத்துக்கு அந்தப் பூச்சு கூடவே கூடாது, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் இன்னும் மோசம். வாங்கும்போதே வெறும் பிளாஸ்டிக்கில் சொரசொரப்பு வைத்ததை எடுங்கள். ஒட்டத் தொடங்கியதை ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் துடைத்தால் பூச்சு உரிந்து அடியில் நல்ல பிளாஸ்டிக் வரும். வெள்ளவத்தை, தெஹிவளையில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று ரெயிலின் உலோகத் தொடுமுனைகளையும் கறுக்கவைக்கும், சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைகளை எறியாமல் உறைக்குள் போட்டு வையுங்கள்.

என்னட்ட இருக்கிறது லைட். எனக்கு ஒண்டும் சொல்லல்லையே?

லைட்டில் மாட்ட ரெயில் இல்லை, ஆகவே ஹோரி, நிக்ஸி பற்றி எழுதியது எதுவும் உங்களுக்கு இல்லை. கிரிப் மட்டும் தனியாக லைட்டுக்கென்று வருகிறது, 275 கிராம்தான் என்பதால் அதுவே பலருக்குப் போதும். ஸ்டிக்கில் டிரிஃப்ட் வந்தால் கன்சோலையே திறக்க வேண்டும், அதை வீட்டில் செய்யச் சொல்லமாட்டேன், கடையில் கொடுங்கள். மேசையில் ஏதாவது ஒன்றில் சாய்த்து வைத்துவிட்டு ப்ளூடூத் கொன்ட்ரோலரால் விளையாடவும் முடியும், திரை 5.5 அங்குலம்தான், கண் கேட்டால் செய்யுங்கள்.

ஸ்விட்ச் 2 எடுக்கப்போறன். பழைய கொன்ட்ரோலர்களை வித்திடவா?

ரெயிலில் மாட்டும் எதுவும் ஸ்விட்ச் 2இல் மாட்ட ஏலாது, அங்கே ஜாய்-கொன் 2 காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. பழைய ஜாய்-கொன்களை ப்ளூடூத்தில் இணைத்துப் பாவிக்கலாம், ஆனால் சார்ஜ் போட ரெயில் இல்லாததால் பழைய கன்சோலோ தனிச் சார்ஜரோ தேவை. ஹோரி ஸ்பிளிட் பேட் ப்ரோவுக்கு ப்ளூடூத்தும் இல்லையே, அதைப் பழைய கன்சோலோடு சேர்த்து விற்பதுதான் புத்தி, தனியாக விற்பதைவிட நல்ல விலை போகும்.

ஜாய்-கொன் 2 பழையதைவிடக் கொஞ்சம் பெரிது, ஆனால் கன்சோலும் 7.9 அங்குலத் திரையோடு ஜாய்-கொன் 2 சேர்த்து 530 கிராமைத் தாண்டுகிறது, அதனால் கிரிப் கேள்வி அங்கேயும் இருக்கிறது. ஸ்டிக்கும் ஹோல் எஃபெக்ட் இல்லை என்று நின்டென்டோவே சொல்லிவிட்டது. ஆகவே பில்லோடு வாங்குங்கள், பெட்டியையும் எறியாதீர்கள்.